ஒரே சரக்கு, இரண்டு கிடங்கு

சிக்கந்தர் ராவுத்தரின் பெயருக்கு விலை வருஷத்துக்கு எண்ணூற்று நாற்பத்தொன்பது ரூபாய், வரி தனி.

அவர் உயிரோடு இருந்த காலத்தில் சேலம் கடைவீதியில் அந்தப் பெயருக்கு யாரும் விலை கேட்டதில்லை. 'ராவுத்தர் சொல்லிவிட்டார்' என்றால் மூட்டையைப் பிரித்துப் பார்க்காமலே லாரியில் ஏற்றுவார்கள். மனிதர் மவுத்தாகிப் பல வருஷம் கழித்து, அவர் பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளியும் 'காம்' என்ற வாலும் ஒட்டி ஏதோ ஒரு கம்பெனி வாடகைக்கு விட்டது. வாடகைக்கு எடுத்தவர் அவருடைய சொந்த மகன் நசுருல்லா.

"அம்மா, அவரு என்னோட அத்தா. சொந்த அத்தா பேருக்கு நானே வாடகை குடுக்கறதா? ஐநூறு போட்டுக்க" என்று போனில் வந்த பெண்ணிடம் கேட்டுப் பார்த்தார்.

"ஃபிக்ஸட் பிரைஸ் சார்" என்றது அந்தப் பெண்.

ஃபிக்ஸட் பிரைஸ் என்று போர்டு மாட்டிய கடைக்குள்ளேயே பேரம் பேசி ஜெயித்துவிட்டு வந்த குடும்பம் அது. முகம் தெரியாத ஒரு குரலிடம் தோற்றது அன்றைக்குத்தான்.

'சிக்கந்தர் சேகோ டிரேடர்ஸ்' என்ற அந்த நிறுவனத்துக்குப் பங்குதாரர்கள் இருவர். தம்பி நசுருல்லா புதுச்சத்திரத்தில், ஹைவேயை ஒட்டிய கிடங்கில் இருப்பார். மில்களிலிருந்து ஜவ்வரிசி வாங்கி, களத்தில் இன்னொரு வெயில் காட்டி, சன்னம் பருமன் என்று சலித்துப் பிரித்து மூட்டை கட்டுவது அவர் பாடு. அக்கா வஹீதுன்னிசா ஃபேர்லேண்ட்ஸ் வீட்டில் இருந்தபடியே வெளிநாட்டுக் கடிதங்களைப் பார்த்துக்கொள்வாள். அந்தக் காலத்து பி.காம். உள்ளூர் வியாபாரம் முழுக்க வாட்ஸப்பில் ஓடினாலும், கொழும்புக்காரரும் மலேசியக் கிளாங்காரரும் தென்னாப்பிரிக்க டர்பன்காரரும் மெயிலில் எழுதினால்தான் எழுத்து என்று மதிப்பார்கள். இருவருக்கும் பொதுவாக ஒரே மெயில் பெட்டி. அக்கா தன் போனில் அதைத் திறந்து வைத்திருப்பாள். சாயங்கால மஃரிப் தொழுகை முடிந்ததும் தம்பிக்குப் போன் போட்டு, வந்ததைப் படித்துச் சொல்வாள். அவர் விலை சொல்வார். அவள் பதில் எழுதுவாள்.

இதில் ஒரு கோளாறும் இல்லை, நசுருல்லாவின் கண்ணில் பனி விழத் தொடங்கும் வரை. முதலில் லாரி நம்பர் மங்கியது, பிறகு போன் எழுத்து. பிறகு, சொல்லக் கூடாத விஷயம், ஜவ்வரிசி மங்கியது. ஜவ்வரிசி வியாபாரிக்குக் கண்தான் தராசு. வெள்ளையா, பழுப்பா, வெளுப்புக்கு மருந்து போட்டதா என்பதை அள்ளிய கையில் ஒரு பார்வை பார்த்துச் சொல்ல வேண்டும். கண் மங்கிய சேதி வெளியே தெரிந்தால் மறுநாளே மில்காரர்கள் பழுப்பை வெள்ளை விலைக்குத் தள்ளிவிட்டு, 'பாய் பார்த்துத்தான் எடுத்தார்' என்பார்கள். அதனால் அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை. அக்காவிடமும்தான்.

தன் கடிதத்தையே இன்னொருவர் படித்துக் கேட்பது அவருக்கு ரேஷன் கடை வரிசையில் நிற்பது போல இருந்தது. ஆபீசில் பெரிய திரையோடு ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அதில் தன் கண்ணாலேயே படித்துவிட முடியாதா? சேந்தமங்கலம் ஜெயபிரகாஷைக் கூப்பிட்டார். கம்ப்யூட்டர், கேமரா, பில்லிங் மெஷின், கோழிப்பண்ணை டைமர், எது படுத்தாலும் எழுப்புகிறவன் அவன்தான்.

"என்னங்க பாய், சிஸ்டம் தூங்குதுங்களா?"

"அது முழிச்சுட்டுத்தான் இருக்குது. கம்பெனி மெயில் இதுல தெரியோணும். எழுத்து நல்லா பெருசா."

"அதென்னங்க பிரமாதம், பிரவுசர்ல தொறந்து..."

"அது வேண்டாம். உள்ள போறதுக்குள்ள நூறு கேள்வி கேக்குது. பொண்ணு பாக்கப் போனாக்கூட அத்தன கேள்வி இல்ல."

"அப்ப மெயில் புரோகிராம்ல போட்டு உட்டறலாமுங்க. ஒருக்கா செட் பண்ணீட்டா அதுவா வந்து உழுந்துட்டே இருக்கும்."

பங்குனி வெயில் களத்தில் வெள்ளையாய்க் காய்ந்துகொண்டிருந்தது. பழனியம்மாளும் மற்ற பெண்களும் முக்காடு போட்டுக்கொண்டு, மரப்பலகையால் ஜவ்வரிசியைக் கோடு கோடாகத் தள்ளிப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். உள்ளே ஜெயபிரகாஷ் வரும் கடிதத்துக்கு ஒரு வாசலும் போகும் கடிதத்துக்கு ஒரு வாசலும் எழுதி, வாசலுக்கு வாசல் நம்பர் போட்டான். பாஸ்வேர்டு கேட்டது. நசுருல்லா ஜன்னலுக்கு வெளியே ஒரு பார்வை பார்த்துவிட்டு அவன் காதில் சொன்னார்.

"ரெண்டு வழி இருக்குதுங்க பாய். லெட்டரு பூரா அந்தக் கம்பெனிக்காரன் சர்வர்லயே இருக்கும், நாம இங்கிருந்து பாத்துக்கலாம். அது ஒண்ணு. மொத்தமா இங்க எறக்கிக்கறது இன்னொண்ணு."

"சர்வர்னா?"

"அவனோட குடோன்னு வெச்சுக்குங்களே."

'அடுத்தவன் குடோன்' என்றதும் நசுருல்லாவுக்குப் பழைய சூடு ஞாபகம் வந்தது. முன்பொரு தரம் ஆத்தூர்ப் பக்கம் ஒரு மில்லில் முழுப் பணமும் கொடுத்து வாங்கிய சரக்கை, லாரி கிடைக்கவில்லை என்று அங்கேயே விட்டு வைத்தார். மில்காரர் அதையும் தன் சரக்கோடு சேர்த்துக் காட்டி பேங்கில் கடன் வாங்கிவிட்டார். தன் மூட்டையைத் தன்னுடையது என்று நிரூபிக்கக் கோர்ட்டுக்கு அலைந்த அலைச்சலில் மூட்டையே மக்கிப்போனது.

"எறக்கு" என்றார். "ஒண்ணு விடாம எறக்கு."

"அங்க ஒரு காப்பி இருக்கட்டுமுங்களா?"

"ஒரே சரக்கு ரெண்டு குடோன்ல இருக்குதுன்னா அதுக்கு என்ன பேரு தெரியுமா?"

"என்னங்க?"

"ஃப்ராடு. பேங்க்காரன் புடிச்சு உள்ள வெச்சிருவான். அங்க ஒண்ணையும் உடாத."

இந்த மெயிலை வேறு யாராவது பார்க்கிறார்களா என்று ஜெயபிரகாஷ் கேட்டிருக்க வேண்டும். அக்காவும் பார்க்கிறாள் என்று இவராவது சொல்லியிருக்க வேண்டும். இருவருக்கும் பசி. அவன் 'சர்வரில் காப்பி வை' என்ற கட்டத்திலிருந்த டிக்கை எடுத்துவிட்டு பட்டனை அமுக்கினான். திரையில் ஒரு பச்சைக்கோடு நகர, எட்டு வருஷத்துக் கடிதங்கள் ஒவ்வொன்றாகப் புதுச்சத்திரத்தில் வந்து இறங்கின.

அவன் போனதும் நசுருல்லா எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டு படிக்க உட்கார்ந்தார். எழுத்துகள் புளியங்கொட்டை அளவுக்குத் தெரிந்தன. கொழும்புக்காரர் விலை கேட்டிருந்தார். கிளாங்காரர் ஈரப்பதம் கேட்டிருந்தார். டர்பன்காரர் இரண்டையும் கேட்டுவிட்டுப் பேரப்பிள்ளை பிறந்த சேதியும் எழுதியிருந்தார். ஒரு மணி நேரம் ராஜாவாக உட்கார்ந்து படித்தார். அப்புறம்தான் உறைத்தது. எல்லாம் கேள்வி. பதில் ஒன்றுகூட இல்லை. கடிதங்களின் அடியில் குட்டி எழுத்தில் முந்தின பேச்செல்லாம் வால் மாதிரித் தொங்கியது. வாலையெல்லாம் அவர் படிக்கவில்லை.

"எட்டு வருசமா அக்கா ஒருத்தருக்கும் பதிலே போடலியா?" என்று அவர் வாய்விட்டுக் கேட்டுக்கொண்டிருந்தபோது 'டிங்' என்று ஒரு புதுக் கடிதம் விழுந்தது. அனுப்பியவர்: சிக்கந்தர் சேகோ டிரேடர்ஸ். பெறுபவர்: சிக்கந்தர் சேகோ டிரேடர்ஸ்.

நிறுவனம் தனக்குத் தானே கடிதம் எழுதியிருந்தது. 'டியர் சார்' என்று தொடங்கியது. கடிதப் போக்குவரத்து முழுவதும் என் கைக்கு எட்டாமல் அகற்றப்பட்டிருப்பதைக் கண்டேன். குறிப்பு புரிந்தது. என் பங்கைத் தீர்த்து, இம்மாதக் கடைசிக்குள் என் பெயரை நீக்கிவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். இப்படிக்குத் தங்கள் உண்மையுள்ள, எஸ்.வஹீதுன்னிசா, பங்குதாரர்.

ஒவ்வொரு எழுத்தும் பெரிதாக, தெளிவாகத் தெரிந்தது. அவர் கேட்டதும் அதைத்தானே.

போன் போட்டார். அக்கா எடுக்கவில்லை. திரும்பப் போட்டார். கட் செய்தாள். அப்போதுதான் போன வெள்ளிக்கிழமை ராத்திரிச் சாப்பாடு ஞாபகம் வந்தது. பெங்களூரிலிருந்து வந்திருந்த அவர் மகன் ஃபர்ஹான், அக்கா வீட்டு விருந்தில் உட்கார்ந்துகொண்டே, "அத்தை ரெஸ்ட் எடுக்கட்டும் அத்தா. மெயிலெல்லாம் ஆபீஸ்ல இருந்து போனாத்தான் மரியாதை" என்று சொல்லிவிட்டான். தாளிச்சா ஊற்றிக்கொண்டிருந்த அக்காவின் கரண்டி ஒரு கணம் நின்றது. பிறகு ஊற்றியது. நசுருல்லா ஒன்றும் சொல்லவில்லை. அவர் வாயில் நெய்ச்சோறு இருந்தது.

மறுநாள் காலை சேலம் பஸ்ஸிலிருந்து வஹீதுன்னிசா இறங்கினாள். கையில் டிபன் கேரியர். தம்பி கிடங்கில் தண்ணீர்கூடத் தொடுவதில்லை என்ற முடிவோடு, சோறும் தண்ணீரும் கட்டிக்கொண்டு சண்டைக்கு வந்திருந்தாள்.

"வாக்கா. கார் அனுப்பியிருப்பேனே."

"பரவால்லீங்க. பங்குலேர்ந்து பெட்ரோலுக்குப் புடிச்சுக்குவீங்க."

அந்த 'ங்க'தான் நசுருல்லாவைப் பயமுறுத்தியது. பிறந்ததிலிருந்து அவரை 'டா' போட்டே கூப்பிட்டவள். அக்கா மரியாதை கொடுத்தால் வீட்டில் எல்லோரும் ஒளிந்துகொள்வார்கள்.

"அக்கா, நீ நெனைக்கற மாதிரி இல்ல."

"நான் என்னங்க நெனச்சேன்? மத்தியானம் லுஹர் தொழுதுட்டு வந்து போனைத் தொறந்தா, பொட்டி தொடச்சு வெச்ச பாத்திரம் மாதிரி இருக்குது. நான் போட்ட பதிலு மட்டும் வரிசையா நிக்குது. கேள்வி ஒண்ணுகூட இல்ல. சரி, போன் கெட்டுப்போச்சுன்னு பாத்தா, கம்பெனி பேருக்கு நான் போட்ட லெட்டரும் வந்து உழுந்து, அஞ்சு நிமிசத்துல என் கண்ணு முன்னாலயே காணாமப் போச்சு. உள்ள யாரோ உக்காந்து முழுங்கற மாதிரி."

"முழுங்கல. எறக்குனோம்."

"எறக்குனீங்க. என்னைய."

"ஐயோ, லெட்டரை!"

"வெள்ளிக்கிழமை உங்க மகன் சொன்னாரு. நீங்க ஒண்ணும் சொல்லல. வாயில சோறு இருந்துச்சா, சம்மதம் இருந்துச்சா?"

"சத்தியமா சோறுதான்."

டீ கொண்டுவந்த பழனியம்மாள் இருவருக்கும் நடுவில் நின்றாள். "பாயம்மா டீ குடிக்கறீங்களா?"

"நான் கொண்டாந்திருக்கேன் பழனியம்மா."

"டீயுமா கட்டிட்டு வந்தீங்க? ஆறிப் போயிருக்குமுங்களே."

"ஆறட்டும்."

நசுருல்லா தன் பங்குக்கு ஒரு சந்தேகத்தையும் அந்த நேரம் பார்த்து அவிழ்த்தார். அவர் வியாபாரத்தில் கெட்டிக்காரர். குடும்பத்தில் அவ்வளவு போதாது. "அது கெடக்கட்டும். எட்டு வருசமா வந்த லெட்டர் பூரா பாத்தேன். ஒண்ணுக்குக்கூடப் பதில் போன மாதிரித் தெரியலியே."

வஹீதுன்னிசா நாற்காலியிலிருந்து எழுந்தாள். அவள் என்ன சொல்லியிருப்பாளோ, அதற்குள் களத்திலிருந்து கூச்சல் வந்தது. கொல்லிமலைப் பக்கமிருந்து கருமேகம் ஒன்று, யாரும் கூப்பிடாத விருந்தாளி மாதிரி, விறுவிறுவென்று வந்துகொண்டிருந்தது. மண்வாசனை முன்னால் வந்துவிட்டது. களம் முழுக்க ஜவ்வரிசி. நாலு சொட்டு விழுந்தால் போதும், அத்தனையும் கொழகொழவென்று ஒட்டிப் புளித்துவிடும்.

"படுதா! படுதா எடுங்க!" என்று பழனியம்மாள் ஓடினாள். நசுருல்லா வேட்டியை மடித்துக்கொண்டு ஓடினார். பெண்கள் பலகையால் இழுத்து அம்பாரம் குவித்தார்கள். காற்று படுதாவை ஊதித் தூக்கியது. ஒரு முனையைப் பிடித்த நசுருல்லாவுக்கு அம்பாரம் எங்கே முடிகிறது, களம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. வெள்ளைத் தரையில் வெள்ளைச் சரக்கு. அவர் படுதாவை இழுத்துக்கொண்டு வெறுந்தரையை மூடிக்கொண்டிருந்தார்.

"இந்தப் பக்கம் இழுடா! அங்க என்னத்தைடா மூடற? தரையவா?" முந்தானையைச் செருகிக்கொண்டு எதிர் முனையைப் பிடித்திருந்தாள் வஹீதுன்னிசா. "உனக்குக் கண்ணு என்ன அவிஞ்சா போச்சு?"

"ஆமாங்க பாயம்மா" என்றாள் பழனியம்மாள், படுதாவின் மேல் கல்லை வைத்தபடி. "பாயிக்குக் கண்ணு தெரியறதில்லீங்க. மூணு மாசமாச் சரக்கு வந்தா அள்ளி என் மூஞ்சிக்கு நேரா நீட்டி, 'எப்படி இருக்குது சொல்லு, உனக்குத் தெரியுதான்னு பாக்கறேன்'ங்கறாரு. பரீட்சையாமா எனக்கு!"

பெண்கள் சிரித்தார்கள். மேகம் நாமக்கல் பக்கமாக நகர்ந்து போய்விட்டது. இங்கே பன்னீர் தெளித்த அளவுக்கு நாலு துளி. படுதா ஓரத்தில் அக்காவும் தம்பியும் வியர்த்து நின்றார்கள்.

"இது எத்தனடா?" ஆபீசுக்குள் வந்ததும் எதையோ அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"மூணு."

"நான் விரலே காட்டல. இது கேரியர் மூடி."

அவர் தலை குனிந்துகொண்டார். "வெளிய தெரிஞ்சா யாவாரம் போயிரும்க்கா. பெரிய ஸ்கிரீன்ல நானே படிச்சுக்கலாம்னு..."

"வெளிய தெரியக் கூடாது சரி. நான் வெளியவாடா?"

அவள் கேரியர் அடுக்கைப் பிரித்தாள். கத்தரிக்காய் போட்ட தாளிச்சா, வெறுஞ்சோறு, இரண்டு அவித்த முட்டை. ஒரு முட்டையை அவர் பக்கம் தள்ளினாள். "தின்னு. ஆனா நான் எழுதுன லெட்டரை இன்னும் வாபஸ் வாங்கல. என் பதிலெல்லாம் எங்கன்னு கேட்டியே, அதுக்கு மொதல்ல வழி சொல்லு."

வழி சொல்ல ஜெயபிரகாஷ் வந்தான். விஷயத்தைக் கேட்டதும் ஹெல்மெட்டைக் கழற்றாமலே தலையில் கை வைத்துக்கொண்டான்.

"தப்பு என்னுதுங்க. எறக்குனது உள்ள வந்த லெட்டரை மட்டும். பாயம்மா போட்ட பதிலு அங்கயே நின்னு போச்சுங்க. இங்க கேள்வி, அங்க பதிலு."

"திருப்பி ஏத்த முடியுமா?"

"ஏத்தலாமுங்க. இதே மெயிலை இன்னொரு வழியில ரெண்டாவதா சேத்தறேன். எறக்குனதையெல்லாம் அள்ளி அதுல போட்டா, மறுக்கா சர்வருக்கே போயிரும். ஆனா ஏறறது மெதுவாத்தான் ஏறும்."

"எறக்குக் கூலியும் ஏத்துக் கூலியும் தனித்தனியாங்களா?" என்றாள் வாசலில் நின்ற பழனியம்மாள்.

"ஏத்துக் கூலி இல்லீங்க்கா. அது என் தண்டம்."

கடிதங்கள் ஏறத் தொடங்கின. சாயங்காலம் வரை ஏறின. நடுவில் ஒரு தரம் கரண்ட் போய், ஜெயபிரகாஷ் ஆண்டவனைத் துணைக்குக் கூப்பிட்டான். எந்த ஆண்டவன் என்று குறிப்பிடவில்லை. கடைசியில் வஹீதுன்னிசாவின் போன் சலசலவென்று அடித்துக்கொள்ள, காலிப் பெட்டி நிறைந்தது. அதேபோல் திரையில், அவள் அனுப்பிய பதில்கள் ஒவ்வொன்றாக வந்து நின்றன.

"இப்ப ரெண்டு பேரும் ஒரே குடோனை ஆளுக்கொரு ஜன்னல் வழியா பாக்கறாப்புலீங்க. ஒருத்தர் எடுத்தா இன்னொருத்தருக்குத் தெரியும்" என்றான்.

நசுருல்லா அக்காவின் பதில்களை முதல் தடவையாகப் படித்தார். கொழும்புக்காரர் விலை குறைக்கச் சொன்னதற்கு எழுதியிருந்தாள்: 'எனக்குச் சம்மதம்தான். ஆனால் என் தம்பி ஒத்துக்கொள்ள மாட்டார். அவர் கறாரான ஆள்.' கிளாங்காரருக்கு: 'தம்பியிடம் பேசவே பயமாக இருக்கிறது. இன்னும் இரண்டு சென்ட் ஏற்றினால் துணிந்து கேட்டுப் பார்க்கிறேன்.' டர்பன்காரருக்கு: 'பேரனுக்கு வாழ்த்துகள். விலை விஷயத்தில் மட்டும் என் தம்பிக்கு இரக்கம் கிடையாது.'

"நானாக்கா கறாரு? நான் சொன்ன வெலைக்கு மேல வாங்கியிருக்கற!"

"பின்ன? நானே கறாரா இருந்தா எங்கிட்ட எவன் பேசுவான்? முடியாதுங்கறதுக்கு ஒரு ஆளு வேணுமில்ல. அதுக்குத்தான்டா உன்னைய வெச்சிருக்கேன்."

கடல் தாண்டி மூன்று தேசத்தில் தன்னைக் கண்டு நடுங்குகிறார்கள் என்பது இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே என்று அவருக்கு வருத்தமாகவும், கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

"சனிக்கிழமை கண்ணாஸ்பத்திரி" என்றாள் அவள். "நான் கூட வாரேன். தெரிஞ்சவங்க கேட்டா எனக்குத்தான் கண்ணுன்னு சொல்லிக்கலாம். அது வரைக்கும் சரக்குப் பாக்கறது பழனியம்மா."

"இப்பவே நாந்தானுங்களே பாத்துட்டு இருக்கறேன். பரீட்சைக்குச் சம்பளம் ஏத்திக் குடுங்க, போதும்."

ஜெயபிரகாஷ் பைக்கை எடுத்தான். நசுருல்லா எட்டு வருஷத்துக் கடிதங்களையும் பதில்களையும் மேலிருந்து கீழாக ஓட்டிப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் பதில் போயிருந்தது. ஒன்றைத் தவிர. 'டியர் சார்' என்று தொடங்கியது அது.

"அதை அழிச்சுர்றா" என்றாள் அக்கா, கேரியரை அடுக்கிக்கொண்டே. முகத்தைக் காட்டவில்லை.

"வந்த லெட்டருக்குப் பதில் போடாம அழிக்கறது நம்ம கம்பெனில வழக்கமில்லையே."

ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தேடிக் குத்தினார். ஒரு டீ குடித்து முடிக்கிற நேரம் பிடித்தது. 'தங்கள் கடிதம் கிடைத்தது. பெயரை நீக்க எனக்குச் சம்மதம்தான். ஆனால் என் அக்கா ஒத்துக்கொள்ள மாட்டார். அவர் கறாரான ஆள்.'

அனுப்பினார். கம்ப்யூட்டரும் அவள் போனும் ஒரே நேரத்தில் 'டிங்' என்றன. அவள் படித்தாள். சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, சேலம் பஸ்ஸைப் பிடிக்க ரோட்டுக்கு நடந்தாள். பதில் எதுவும் போடவில்லை.

அன்றைய கணக்கு: போனது ஒன்று, வந்தது ஒன்று. தம்பி பேரில் இருந்த பாக்கி தீர்ந்தது. அக்கா பேரில் ஒரு பதில் நிற்கிறது.